எட்டுப் பையன்களும் ஒரு சங்கிலியும்

கிண்டி எஞ்சினியரிங் காலேஜில் முதன்முதலாகச் சேர்ந்தவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேருமே பள்ளிக்கூட வயதுப் பையன்கள். எழும்பூர் ஆண்கள் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர்கள். 1794ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி அவர்களை வைத்துத்தான் சென்னையில் நில அளவைப் பள்ளி திறக்கப்பட்டது. கட் ஆஃப் மார்க் கிடையாது, முடித்தால் பட்டமும் கிடையாது. கணக்கு, வரைபடம், நிலத்தில் சங்கிலி போட்டு அளக்கும் வித்தை, இவ்வளவுதான் பாடம். அப்போது அது கிண்டியிலும் இல்லை. கோட்டைப் பக்கம் இருந்தது.

கட்டடம் வரைவது, கட்டுவது, உள்ளே அலங்கரிப்பது ஆகிய தொழில்களுக்குப் பள்ளியிலேயே பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது அடிக்கடி கேட்கிறது. வெளிநாட்டிலிருந்து இறங்கிய புது யோசனை போலவே பலரும் அதைப் பேசுகிறார்கள். நம் ஊரில் அந்த யோசனைக்கு 230 வயது தாண்டிவிட்டது. அது எப்படிப் பிறந்தது, பிறகு எப்படி நம் கையைவிட்டு நழுவியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளியைத் தொடங்க வைத்தவர் மைக்கேல் டாப்பிங். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் அளவையாளர், வானியல் அறிஞர். சோழமண்டலக் கரையை அளந்தவர். நுங்கம்பாக்கத்தில் 1792ல் எழுந்த வானாய்வுக் கூடம் அவர் முயற்சியில் உருவானது. கருவிகளைத் தாங்க அங்கே நிறுத்திய பதினைந்தடிக் கருங்கல் தூண், தமிழும் தெலுங்கும் உட்பட நான்கு மொழிக் கல்வெட்டோடு, இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. காலேஜ் ரோடு வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்!

டாப்பிங்குக்கு ஆள் பஞ்சம். 1792ல் திப்புவோடு ஏற்பட்ட உடன்படிக்கையில் பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனிக்கு வந்துவிட்டன. வரி போட வேண்டும் என்றால் நிலத்தின் அளவு தெரிய வேண்டும். ஏரிகள் தூர்ந்து கிடந்தன. அவற்றைச் சீர்செய்ய மட்டம் பார்க்கத் தெரிந்தவர்கள் வேண்டும். கிருஷ்ணை, கோதாவரிப் பகுதியில் பாசனத்துக்கு வழி உண்டா என்று அவரே போய் அளந்துகொண்டிருந்தார். இங்கிலாந்திலிருந்து ஆள் வரவழைத்தால் கப்பலிலேயே மாதக்கணக்கில் போய்விடும். வந்து இறங்குகிறவருக்கு இந்த வெயிலும் ஒத்துக்கொள்ளாது, கிராமத்து மொழியும் புரியாது. இங்கேயே பிறந்த, இந்த மண்ணின் சூட்டில் வளர்ந்த பையன்களைப் பழக்கிக்கொள்ளலாம் என்று அவர் முடிவுசெய்தார். செலவு மிச்சம் என்பது கம்பெனியின் கணக்கு. காரணம் எதுவாக இருந்தாலும், தொழில் கற்க உகந்த வயது பள்ளி வயது என்ற முடிவு அங்கே எடுக்கப்பட்டுவிட்டது.

அந்த அநாதை இல்லமும் சாதாரண இடம் இல்லை. ஐரோப்பியச் சிப்பாய்களுக்குப் பிறந்து ஆதரவில்லாமல் போன பையன்களுக்காக 1789ல் தொடங்கியது. பெரும்பாலான பையன்களின் தாய்மார்கள் இந்தியப் பெண்கள். இல்லத்தைக் கவனித்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். அவர் ஒருநாள் சென்னையில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைக் கடந்து போனார். பையன்கள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல் அதைத் தன் இல்லத்துக்குக் கொண்டுபோனார். மணல் தட்டு வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்குக் கற்றுத்தரும்படி ஏற்பாடு செய்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான் அது. பெல் ஊர் திரும்பி 1797ல் புத்தகம் போட்டபின் அந்த முறை ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

ஆக, அளவைப் பள்ளிக்குப் போன எட்டுப் பேரும் மணலில் எழுதிப் பழகிய இல்லத்துப் பையன்கள். வகுப்புக்குப் பொறுப்பாக வந்தவர் ஜான் கோல்டிங்ஹாம். டாப்பிங்குக்குப் பிறகு வானாய்வுக் கூடத்துக்கும் அவர்தான் தலைவர். டாப்பிங் 1796ல் மசூலிப்பட்டினத்தில் காய்ச்சலில் இறந்துபோனார்; தன் பள்ளி இரண்டு வயதைத் தொடுவதைக்கூட அவர் பார்க்கவில்லை. கோல்டிங்ஹாம் வேறொரு விதத்திலும் நமக்குத் தெரிந்தவர். அரசினர் தோட்டத்தில் இருக்கும் ராஜாஜி மண்டபம் அவர் வடிவமைத்தது. அகன்ற படிக்கட்டும் வரிசைத் தூண்களுமாக, ஸ்ரீரங்கப்பட்டண வெற்றியின் நினைவாக 1802ல் முடிந்த விருந்து மண்டபம் அது. காமராஜர், எம்.ஜி.ஆர். முதல் கலைஞர் வரை தலைவர்களின் உடலுக்கு அஞ்சலி செலுத்த ஊரே வரிசையில் நின்ற படிகள் அவை. வானத்தை அளந்தவரே நிலத்தை அளக்கவும் சொல்லிக்கொடுத்தார், மாளிகையும் கட்டினார். இவை மூன்றும் தனித்தனிப் படிப்புகளாகப் பிரியாத காலம்.

அந்தப் பையன்கள் என்ன கற்றார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நில அளவைக்கான கண்டர் சங்கிலிக்கு 66 அடி நீளம், 100 கண்ணிகள். ஒருவர் பின் முனையைப் புள்ளியில் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முன் முனையோடு போவார். எட்டத்தில் நட்ட கம்பைப் பார்த்துப் பின்னால் இருப்பவர் கையசைத்து நேராக்குவார். சங்கிலி முடிகிற இடத்தில் ஓர் இரும்பு அம்பைக் குத்திவிட்டு மறுபடி நகர வேண்டும். கடைசியில் கையில் சேர்ந்த அம்புகளை எண்ணினால் எத்தனை சங்கிலித் தூரம் என்று தெரிந்துவிடும். வழியில் கிணறு, மரம், வரப்பு எது வந்தாலும் சங்கிலிக் கோட்டிலிருந்து செங்குத்தாக அளந்து குறித்துக்கொள்வார்கள். இன்றும் சிவில் படிக்கிற பிள்ளைகள் அளவைப் புத்தகத்தைக் கீழிருந்து மேலாகத்தான் எழுதுகிறார்கள். பக்கத்தின் நடுவே கீழிருந்து மேலாக ஓடும் கோடுகள் சங்கிலி. நடந்து போகும் திசையும் புத்தகத்தில் எழுதும் திசையும் ஒன்றாக இருந்தால் இடதும் வலதும் குழம்பாது. முதல்முறை பார்க்கிறவருக்கு விசித்திரமாக இருக்கும். வயலில் நின்று ஒருமுறை எழுதினால் வேறு எப்படியும் எழுதத் தோன்றாது.

அந்தச் சங்கிலி நம் வீட்டுப் பத்திரத்திலும் ஒளிந்திருக்கிறது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு சென்ட். ஒரு சென்டுக்கு ஏன் 435.6 சதுர அடி என்று ஒட்டிக்கொண்டு வருகிறது என்று மனை வாங்குகிறவர்கள் கேட்பதுண்டு. ஆயிரம் சதுரக் கண்ணிகளைப் பெருக்கிப் பாருங்கள், அதுதான் வரும்.

இந்தப் பள்ளியில் தேறியவர்களில் ஜோஷுவா டி பென்னிங் பெயர் வரலாற்றில் நின்றது. வில்லியம் லாம்டன் தொடங்கிய மாபெரும் முக்கோண அளவையில் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்து தீபகற்பம் நெடுகப் போனவர். அந்த அளவையின் முதல் கோடு பிறந்ததும் கிண்டிக்கு அடுத்தாற்போல்தான். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அடிவாரச் சமவெளியில் தொடங்கி, தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அளந்தார்கள். முடிய மே 22 ஆயிற்று. நூறடி எஃகுச் சங்கிலியை மரப் பெட்டிகளுக்குள் கிடத்தி, பெட்டிகளை முக்காலிகள் மேல் ஏற்றி மட்டமாக்கி, வெயிலில் எஃகு எவ்வளவு நீள்கிறது என்று வெப்பமானி வைத்துப் பார்த்து, இப்படி 400 முறை நகர்த்தினார்கள். சித்திரை, வைகாசி வெயிலில்! பிற்பாடு இமயம் வரை நீண்ட முக்கோணச் சங்கிலிக்கு அடிப்படை அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர். இன்றைக்கு அந்த வழியில் வேளச்சேரி, மேடவாக்கம் பக்கத்து அடுக்குமாடிகள் நெருக்கியடித்து நிற்கின்றன.

டி பென்னிங் போன்றவர்களைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனம் ஒப்பவில்லை. சங்கிலியின் முனையைப் பிடித்துக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் நடந்தவர்கள் இந்த ஊர் மனிதர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அன்று அந்தப் பள்ளியில் இடமில்லை. இத்தனைக்கும் நிலக்கணக்கு தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதே இல்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியோடு குழிமாற்றும் மனப்பாடம் செய்தார்கள். தஞ்சைப் பக்கம் பன்னிரண்டடிக் கோலால் அளந்தால் 144 சதுர அடி ஒரு குழி; நூறு குழி ஒரு மா; இருபது மா ஒரு வேலி. வயலின் நீளத்தையும் அகலத்தையும் சொன்னால் குழி எத்தனை என்று வாயாலேயே சொல்லிவிடும் பையன்கள் இருந்தார்கள். பெல் அந்தத் திண்ணையில் மணலைப் பார்த்தார். மணலில் எழுதிய கணக்கையும் யாராவது பார்த்திருந்தால் அளவைப் பள்ளியின் முதல் வரிசையில் வேறு சில பெயர்களும் இருந்திருக்கும்.

பள்ளி எப்படிக் கல்லூரியானது என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வேலை பெருகிவிட்டது. கோதாவரியில் ஆர்தர் காட்டனின் தவளேஸ்வரம் அணை 1852ல் முடிந்தது. 1856ல் ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பியது. பொதுப்பணித் துறைக்கு அளக்கத் தெரிந்தவர்கள் மட்டும் போதவில்லை, கட்டத் தெரிந்தவர்களும் வேண்டியிருந்தது. 1858ல் அது சிவில் எஞ்சினியரிங் பள்ளி ஆனது. 1861ல் கல்லூரி என்று பெயர் மாறியது. சேப்பாக்கத்து மாளிகை வளாகத்தில் வெகுகாலம் இருந்துவிட்டு 1920ல் கிண்டிக்கு வந்தது. இப்போது சர்தார் பட்டேல் சாலையில் எல்லாருக்கும் தெரிந்த செங்கல் கட்டடம் அந்தக் காலத்தது.

கல்லூரி என்று பெயர் மாறினாலும் வெகுநாள் அது மேல்படிப்பு மட்டும் சொல்லித்தரும் இடமாக ஆகிவிடவில்லை. எஞ்சினியர் வகுப்போடு கூடவே ஓவர்சியருக்கும் கீழ்நிலைப் பணியாளருக்கும் வரைவாளருக்கும் அளவையாளருக்கும் வகுப்புகள் நடந்தன. எஞ்சினியராகப் போகிறவரும் பிளான் வரையப் போகிறவரும் ஒரே வளாகத்தில் புழங்கினார்கள். ஓவர்சியர் என்ற சொல் நம் கிராமங்களில் வேரூன்றியது அப்படித்தான். ஏரிக்கரை உடைந்தால் ஊர் தேடுவது ஓவர்சியரைத்தான்.

பெண்களுக்கு வாசல் திறக்க 1940 ஆயிற்று. பதினெட்டு வயதில் கணவனை இழந்து, கைக்குழந்தையோடு இருந்த அ. லலிதா மின்பொறியியல் சேர்ந்தார். அவர் தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர், கே.சி. சாக்கோ முதல்வர். அடுத்து வந்த பி.கே. த்ரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் சிவில் எடுத்தார்கள். த்ரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். அநாதைப் பையன்களில் தொடங்கிய இடம், ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஒரு விதவைத் தாய்க்கும் இடம் கொடுத்தது. கிண்டியின் பெருமையைக் கேட்டால் இந்த இரண்டையும்தான் நான் முதலில் சொல்வேன்.

ஆனால் வாசற்படி உயர்ந்துகொண்டே போனது. 1957ல் இங்கே கட்டடக்கலைக்கென்று தனிப் பிரிவு வந்தது. 1978ல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளியாக அதன் அங்கம் ஆனது. பெயரில்தான் பள்ளி, உள்ளே போகப் பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்திருக்க வேண்டும், தகுதித் தேர்வு எழுதியிருக்க வேண்டும், ஐந்து வருடம் படிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுக் கட்டடக்கலைஞர் சட்டத்துக்குப் பிறகு, பதிவு செய்யாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. இவை தவறு என்று நான் சொல்லமாட்டேன். மனிதர்கள் தலைக்குமேல் கூரை போடுகிற தொழிலுக்குக் கட்டுப்பாடு வேண்டும்தான். அதே 1957ல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையமும் தொடங்கியது. அப்பனிடம் உளி பிடித்துப் பழகிய ஸ்தபதி வீட்டுப் பிள்ளைகளின் வித்தைக்கு அது வகுப்பறை கொடுத்தது. ஒரே ஆண்டில், ஒரே மாவட்டச் சுற்றுவட்டாரத்தில், கட்டடத்துக்காகப் பிறந்த இரண்டு பள்ளிகள். ஒன்றுக்கொன்று நெருங்கிப் பழகியிருந்தால் தமிழ்நாட்டுக் கட்டடங்களின் முகமே மாறியிருக்கும் என்பது என் எண்ணம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். சென்னை மாகாணத்தில் 1948ல் உயர்நிலைப் பள்ளிக் கல்வியைத் திருத்தியமைத்தபோது, எஸ்.எஸ்.எல்.சி. மாணவர்கள் பொதுப் பாடத்தோடு ஒரு தொழில் பிரிவையும் எடுக்கலாம் என்று வந்தது. எஞ்சினியரிங், வேளாண்மை, நெசவு, செயலகப் பணி என்று பிரிவுகள். தாத்தா காலத்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் புரட்டினால் சில வீடுகளில் ‘எஞ்சினியரிங்’ என்று எழுதிய பக்கம் அகப்படும். பதினைந்து வயதில் டி ஸ்கொயர் பிடித்த கைகள் அவை.

பிளஸ் டூ வந்த 1978ல் தொழிற்பிரிவும் கூடவே வந்தது. ‘அடிப்படைக் கட்டடப் பொறியியல்’ என்று ஒரு பாடம் இன்றும் இருக்கிறது. அரசே பாடநூல் அச்சிடுகிறது, செய்முறைத் தேர்வு உண்டு. பொறியியல் சேர்க்கையில் தொழிற்பிரிவுப் பிள்ளைகளுக்கென்று தனி இடங்களும் உண்டு. ஆனாலும் அந்தப் பிரிவு வளரவில்லை. ஆசிரியர் ஓய்வுபெற்றால் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டு, பிரிவையே மூடிய பள்ளிகள் பல. இதைவிடப் பெரிய காரணம் வீட்டிலேயே இருக்கிறது. மார்க் குறைந்த பிள்ளையைத்தான் அங்கே அனுப்புவார்கள் என்ற பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது. கையால் செய்கிற வேலை என்றால் தாழ்ந்த வேலை என்று நினைக்கும் சாதிப் புத்தியும் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது; அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

1990களின் பிற்பகுதியிலிருந்து பல வருடம், எஞ்சினியரிங் கவுன்சலிங் என்றால் கிண்டிக்கு வர வேண்டும். தென்காசியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் இரவு பஸ் பிடித்து, அப்பா கையில் ஒரு ஃபைலும் அம்மா கையில் ஒரு கட்டுச்சோறுமாக அண்ணா பல்கலைக்கழக வாசலில் வந்து காத்திருப்பார்கள். சிவில் எடு, மெக்கானிக்கல் எடு என்று அங்கே மரத்தடியில் முடிவாகும். நாலு வருடப் படிப்பை, ஒரு செங்கலையும் தொட்டுப் பார்த்திராத பிள்ளைக்காக, பத்து நிமிடத்தில் முடிவுசெய்தோம். 2018லிருந்து அதுவும் ஆன்லைனுக்குப் போய்விட்டது. இப்போது மரத்தடியும் இல்லை. தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு முன்பும் இல்லை, இப்போதும் இல்லை.

அதே கிண்டியில், ரயில்வே லைனுக்கு மறுபக்கம் தொழிற்பேட்டை. அதற்குள் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, பெண்களுக்குத் தனி ஐ.டி.ஐ.யும் உண்டு. ஐ.டி.ஐ. என்றாலே ஃபிட்டரும் வெல்டரும் மட்டும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இரண்டு வருடம் சிவில் வரைவாளர் பயிற்சி எடுக்கலாம். உள் அலங்கார வடிவமைப்புக்கு ஒரு வருடப் பயிற்சி. தச்சுக்கும் பிளம்பருக்கும் ஒரு வருடம். எல்லா ஐ.டி.ஐ.யிலும் எல்லாம் இருக்காது, விசாரித்துக்கொள்ள வேண்டும். வரைவாளர் பயிற்சியில் முதலில் எழுத்துப் பழக்கம். பென்சிலால் ஒரே உயரத்தில் எழுதிப் பழக வேண்டும். அடுத்து செங்கல் அடுக்கும் முறைகள். ஒரு வரிசையில் குறுக்குச் செங்கல், மறு வரிசையில் நெடுக்குச் செங்கல் என்று அடுக்கும்போது மேல் இணைப்பும் கீழ் இணைப்பும் ஏன் ஒரே கோட்டில் வரக் கூடாது என்பதைத் தாளில் வரைந்து காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆட்டோகேட். கணினி கோட்டை நேராகப் போட்டுக் கொடுத்துவிடும். எந்த இடத்தில் கோடு போட வேண்டும் என்று சொல்லாது.

இந்த வழிகள் ஒன்றோடொன்று இணைந்தும் இருக்கின்றன. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் சிவில் டிப்ளமோ படிக்கலாம், ஐ.டி.ஐ. முடித்தவரும் தொழிற்பிரிவில் பிளஸ் டூ முடித்தவரும் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் வருடத்துக்குப் போகலாம். கணிதத்தோடு டிப்ளமோ முடித்தவருக்கு பி.ஆர்க். கதவும் திறந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்தவருக்கு 2021 முதல் பொறியியல் சேர்க்கையில் ஏழரை சதவீத ஒதுக்கீடு. கொத்தனார் வீட்டுப் பையன் படிப்படியாக ஏறிப் போக ஏணி இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று அவனிடம் ஒன்பதாம் வகுப்பில் யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

வேறு நாடுகளில் இதைப் பள்ளிக்குள்ளேயே செய்கிறார்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்வியை 16 தொகுதிகளாகப் பிரித்தபோது, கட்டடக்கலையும் கட்டுமானமும் சேர்ந்து ஒரு தொகுதி ஆயின. வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு என்று அதற்குள் மூன்று பாதைகள். ஜெர்மனியில் பதினாறு வயதுப் பிள்ளை வாரத்தில் சில நாள் கட்டுமான நிறுவனத்திலும் சில நாள் தொழிற்பள்ளியிலும் இருக்கும், சம்பளமும் வாங்கும். அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. ஜெர்மனியில் பத்து வயதிலேயே பிள்ளையைத் தரம் பிரிப்பதை எதிர்த்துப் பேசுகிறவர்கள் அங்கேயே நிறைய. நமக்கு அந்தப் பிரிப்பு வேண்டாம். எல்லாப் பிள்ளையும் தொட்டுப் பார்க்கட்டும். பிடித்த பிள்ளை மேலே போகட்டும்.

ஏன் பதினாலு, பதினைந்து வயது? சைட்டில் மேஸ்திரியோடு நின்று பார்த்தால் தெரியும். அஸ்திவாரத்துக்கு மூலை எடுக்க அவர் நூலை இழுக்கிறார். ஒரு பக்கம் மூன்றடியில் முடிச்சு, மறுபக்கம் நாலடியில் முடிச்சு. குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரி. “தம்பி, நூலைத் தொய்ய விடாதே” என்கிறார். தம்பி பள்ளியில் பிதாகரஸ் தேற்றத்துக்கு ஐந்து மார்க் வாங்கியவன்தான். தான் பிடித்திருக்கும் நூல்தான் அந்தத் தேற்றம் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. மட்டம் எடுக்கிற டியூப்பும் அப்படித்தான். தண்ணீர் நிரப்பிய குழாயின் ஒரு முனை இந்தத் தூணில், மறுமுனை அந்தத் தூணில். இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டால் வீடு முழுக்க ஒரே மட்டம். உள்ளே காற்றுக் குமிழி ஒன்று நின்றுவிட்டால் போச்சு, மட்டம் பொய் சொல்லும். ஒன்பதாம் வகுப்பு இயற்பியலில் இதைவிட நல்ல பாடம் இல்லை. அந்த வயதில் கையும் கண்ணும் சேர்ந்து பழகுவது போல இருபது வயதுக்கு மேல் பழகுவதில்லை என்பதை எந்த ஆசாரியிடமும் கேட்கலாம்.

பள்ளிகளில் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் வழிகாட்டும் பேச்சு நடக்கிறது, நல்லது. பேச்சோடு ஒரு அளவு நாடாவும் வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்து அவர்கள் வகுப்பறையையே அளக்கச் சொல்லலாம். உள் நீளம், உள் அகலம், சுவரின் கனம், சன்னல் தரையிலிருந்து எத்தனை அடியில் தொடங்குகிறது, லிண்டல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கரும்பலகையிலிருந்து கடைசி பெஞ்சு எத்தனை அடி. கிராஃப் தாளில் ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவில் பிளான் வரைய வேண்டும். பிறகு அதே தாளில் பெஞ்சுகளை வேறு மாதிரி போட்டுப் பார்க்கலாம்; வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் எழுதும் கை நிழலில் விழாது, கடைசி பெஞ்சுக்குக் காற்று எப்படி வரும் என்று யோசிக்கலாம். உள் அலங்காரம் என்ற படிப்பின் முதல் பாடம் அதுதான். திரைச்சீலையும் ஃபால்ஸ் சீலிங்கும் அப்புறம். செலவு ஒரு நாடா, நாலு தாள், இரண்டு பீரியட். முடிந்ததும் அறையின் இரண்டு குறுக்களவையும் எடுக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால், பிழை நாடாவில் இருக்கிறதா சுவரில் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதை அடுத்த வார வேலையாகக் கொடுக்கலாம்.